பொருளின் நினைவைக் கணக்கிடுதல்

ஒரு பொருளில் இந்தக் கணத்தில் தோன்றும் தகைவு, இந்தக் கணத்தில் அது அடைந்திருக்கும் திரிபை மட்டுமே பொறுத்தது என்ற கருத்தின் மீதுதான் ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட மீட்சி விதி நிற்கிறது. தகைவு என்பது ஓரலகுப் பரப்பின் மீது செயல்படும் உள்விசை. திரிபு என்பது தொடக்க நீளத்தோடு ஒப்பிடும்போது நீளம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைக் காட்டும் விகிதம். சாதாரண வெப்பநிலையில், மிதமான பளுவைத் தாங்கும் எஃகுக் கம்பிக்கு இந்த விதி மிக நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் ரப்பர், நைலான், தார், கான்கிரீட், தசைநார், கல்லீரல் முதலானவற்றுக்கு அது போதாது. நைலான் கயிற்றில் பளுவைத் தொங்கவிட்டால் அது உடனே ஓரளவு நீள்கிறது. பிறகு மணிக்கணக்கில் சிறிது சிறிதாக மேலும் நீள்கிறது. பளுவை எடுத்த பின்னரும் பழைய நீளத்துக்கு ஒரே வீச்சில் திரும்பாமல் மெல்ல மெல்லத் திரும்புகிறது. இத்தகைய பொருள்களில் இன்றைய தகைவை அறிய இன்றைய திரிபை அறிந்தால் மட்டும் போதாது. இதுவரை அது எப்படி எப்படி மாறி வந்தது என்ற வரலாறு முழுவதும் தேவைப்படுகிறது. இவற்றையே இயக்கவியலார் நினைவுடைய பொருள்கள் என்கின்றனர்.

இந்த நடத்தையை முதலில் கவனமாக அளந்தவர் வில்ஹெல்ம் வெபர். கோட்டிங்கனில் காவுஸும் வெபரும் நடத்திய காந்தப்புல ஆய்வுகளில் காந்தங்கள் பட்டு இழைகளில் தொங்கவிடப்பட்டிருந்தன. அந்த இழைகளின் மீட்சியை ஆராய்ந்த வெபர், பளு ஏற்றியபோதும் இறக்கியபோதும் உடனடி மாற்றத்தைத் தொடர்ந்து ஒரு மெதுவான மாற்றமும் நிகழ்வதை 1835-இல் எழுதினார். ‘மீட்சிப் பின்விளைவு’ என்று பெயர் பெற்ற இந்த நிகழ்வுக்கு 1874-இல் லுட்விக் போல்ட்ஸ்மன் கணித வடிவம் கொடுத்தார். அவருடைய கோட்பாடு மூன்றே எடுகோள்களில் அடங்குகிறது: கடந்த காலத்தில் நிகழ்ந்த ஒவ்வொரு திரிபும் இன்றைய தகைவுக்கு ஒரு பங்கை அளிக்கிறது, அந்தப் பங்கு காலம் செல்லச் செல்லக் குறைகிறது, வெவ்வேறு கணங்களின் பங்குகள் ஒன்றோடொன்று குறுக்கிடாமல் கூட்டல் முறையில் சேர்கின்றன. ஆகவே இன்றைய தகைவு என்பது, கடந்த ஒவ்வொரு கணத்திலும் ஏற்பட்ட திரிபு மாற்றத்தை, அந்தக் கணம் கடந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதைப் பொறுத்த ஓர் எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டிப் பெறும் தொகையீடு ஆகிறது. அந்த எடையைத் தரும் சார்பே இந்த அத்தியாயத்தின் நாயகன். பொறியாளர்கள் அதைத் தளர்வுக் குணகம் என்பார்கள், இங்கே அது நினைவுச் சார்பு எனப்படும். காலம் தொடங்கும் கணத்தில் அதன் மதிப்பு பொருளின் உடனடி விறைப்பைக் காட்டுகிறது. அதன் பிறகு அது சரிந்துகொண்டே போகும் விதம் பொருளின் மறதியைக் காட்டுகிறது.

இந்தத் தொகையீட்டை நியூட்டனின் இயக்க விதியோடு இணைத்தால் கிடைக்கும் சமன்பாட்டில் அறியப்படாத அளவின் வகைக்கெழுக்களும் இருக்கும், கடந்த காலம் முழுவதற்குமான தொகையீடும் இருக்கும். தொகை-வகைக்கெழுச் சமன்பாடு என்ற இந்த வகையை 1909 முதல் முறையாக ஆராய்ந்தவர் ரோம் பல்கலைக்கழகப் பேராசிரியர் வீட்டோ வோல்டெரா. எடை என்பது கடந்துபோன நேரத்தை மட்டுமே பொறுத்திருக்க வேண்டும், நாள்காட்டியில் எந்த நாள் என்பதைப் பொறுத்திருக்கக் கூடாது என்ற போல்ட்ஸ்மனின் கருத்துக்கு அவர் ஓர் அழகான சோதனையைத் தந்தார். பொருளைச் சீரான கால இடைவெளியில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இழுத்து விடும்போது, தகைவையும் திரிபையும் இணைத்து வரையும் கோடு மூடிய வளையமாக அமைந்தால், எடை கால இடைவெளியை மட்டுமே பொறுத்தது என்று அவர் நிறுவினார். மூப்படையும் பொருள்களுக்கு, எடுத்துக்காட்டாக இறுகிக்கொண்டே இருக்கும் இளம் கான்கிரீட்டுக்கு, இந்தச் சோதனை பொய்த்துவிடும்.

நினைவுச் சார்பு தெரிந்திருந்தால், ஒரு தண்டை இன்னவாறு தள்ளினால் அது எப்படி அதிரும் என்று கணக்கிடுவது நேர்க்கணக்கு. நடைமுறையில் நிலைமை தலைகீழாக இருக்கிறது: தண்டைத் தள்ள முடிகிறது, அது அதிர்வதையும் அளக்க முடிகிறது, நினைவுச் சார்புதான் தெரியவில்லை. விளைவிலிருந்து பொருளின் இயல்பைத் தேடும் இந்தக் கணக்கு நேர்மாறுக் கணக்கு எனப்படுகிறது. ஒரு கணக்கு நன்கமைந்தது என்று சொல்ல, அதற்குத் தீர்வு இருக்க வேண்டும், அது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், தரவில் சிறு மாற்றம் நேர்ந்தால் தீர்விலும் சிறு மாற்றமே நேர வேண்டும் என்ற மூன்று தேவைகளை ஜாக் ஹடமார்ட் வலியுறுத்தினார். நேர்மாறுக் கணக்குகள் பெரும்பாலும் மூன்றாவது தேவையில் தவறிவிடுகின்றன. நினைவுடைய பொருள்களின் கணக்கு எந்த அளவுக்குத் தவறுகிறது என்பது பொருளை மட்டும் சார்ந்ததன்று, அந்தப் பொருளைத் தொடங்கும் கணத்தில் எப்படித் தொட்டோம் என்பதையும் சார்ந்தது. இந்தத் துறையின் தேற்றங்களில் ஒரு மூலையில் எளிய நிபந்தனையாக எழுதப்பட்டிருக்கும் இந்த உண்மைதான் ஆய்வுக்கூடத்தில் வெற்றியையும் தோல்வியையும் தீர்மானிக்கிறது.

இதைக் கண்கூடாகக் காட்டும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மிக நீண்ட, சீரான, தொடக்கத்தில் ஓய்விலிருக்கும் அக்ரிலிக் தண்டு ஒன்றைக் கருதலாம். அதன் ஒரு முனையைத் திடீரென ஒரு மாறாத் திசைவேகத்தில் உள்நோக்கித் தள்ளத் தொடங்கி, அந்த முனையில் தோன்றும் தகைவை நேரத்தோடு பதிவு செய்ய வேண்டும். கணக்கு எளிதாக இருக்கும் பொருட்டு அத்திசைவேகம் வினாடிக்கு 1 மீட்டர் என்று கொள்ளலாம். தண்டு முழு மீட்சியுடையதாக இருந்தால் பதிவு ஒரு கிடைக்கோடாக இருக்கும். நினைவுடையதாக இருந்தால் தகைவு முதற்கணத்தில் தாவி உயர்ந்து பிறகு சரியும். தண்டின் உட்பகுதியில் அலை எப்படிப் பரவுகிறது, எங்கே தேய்கிறது என்பது எதுவும் தெரியாது. ஆயினும் இந்த ஒரே பதிவிலிருந்து நினைவுச் சார்பு முழுவதையும் மீட்டுவிடலாம்.

வழி இதுதான்: குறிப்பிட்ட ஒரு நேரத்தை எடுத்துக்கொண்டு, கூட்டினால் அந்த நேரம் வருமாறு உள்ள இரண்டிரண்டு கணங்களாக இணைத்து, ஒவ்வோர் இணையிலும் பதிவான இரு தகைவுகளையும் ஒன்றோடொன்று பெருக்கி, பெருக்கற்பலன்கள் அனைத்தையும் கூட்ட வேண்டும். ஒரு பதிவைத் தன்மீதே திருப்பி மடித்துப் பெருக்கும் இந்தச் செயலுக்குச் சுருளல் என்று பெயர். கிடைத்ததை நேரத்தைச் சார்ந்து ஒருமுறை வகையிட்டு, பொருளின் அடர்த்தியால் வகுத்தால், வருவது நினைவுச் சார்பே. தோராயம் எதுவும் இதில் இல்லை; இயக்கச் சமன்பாட்டை லாப்லாஸ் உருமாற்றத்துக்கு உட்படுத்தினால் சில வரிகளில் கிடைத்துவிடும் துல்லியமான முடிவு இது. எண்களை இட்டும் பார்க்கலாம். அக்ரிலிக்கின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறக்குறைய 1,180 கிலோகிராம். விரைவான தாக்குதலுக்கு அதன் விறைப்பு ஏறக்குறைய 500 கோடி பாஸ்கல். அப்படியானால் முதற்கணத்தில் தகைவு ஏறக்குறைய 24 லட்சம் பாஸ்கலுக்குத் தாவ வேண்டும். 24 லட்சத்தின் வர்க்கத்தை 1,180-ஆல் வகுத்தால் 490 கோடிக்கு அருகில் வருவதால் கணக்கு நேராகிறது. மிக நீண்ட தண்டு கிடைப்பதில்லை என்பது ஒரு தடையன்று. இந்தப் பொருளில் அலைமுகப்பு வினாடிக்கு ஏறக்குறைய 2,000 மீட்டர் செல்வதால், 1 மீட்டர் தண்டின் மறுமுனைக்குப் போய்த் திரும்ப அதற்கு ஒரு மில்லிவினாடி ஆகும். அதுவரை தண்டுக்கு முடிவு இருப்பது முனையிலுள்ள அளவிக்குத் தெரியவே தெரியாது.

இனி அளவீட்டுப் பிழைக்கு வரலாம். பதிவில் சிறிது இரைச்சல் கலந்திருந்தாலும், அது மடிந்து பெருக்கப்படுவது முதற்கணத்திலேயே தாவி எழுந்து அதன்பின் சீராகச் சரியும் ஒரு சார்போடு என்பதால், வகையிடலின் சுமையை அந்தச் சீரான சார்பே தாங்கிக்கொள்கிறது. இரைச்சல் வகையிடப்படாமல் தப்பி, முடிவிலும் ஏறக்குறைய அதே அளவு பிழையாகவே வந்து சேருகிறது. ஆனால் திடீரெனத் தள்ளாமல், சுழியிலிருந்து தொடங்கிச் சீராகக் கூடும் திசைவேகத்தில் தள்ளினால் நிலைமை மாறிவிடுகிறது. அப்போது பதிவாவது முந்தைய பதிவின் தொகையீடு. தேவையானதைப் பெற இரைச்சல் கலந்த பதிவையே நேராக வகையிட வேண்டும். அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள பிழை, வினாடிக்கு 1,000 முறை ஏறி இறங்கும் அலைவாக இருந்தால், அதன் வகைக்கெழு 6-ஐத் தாண்டிவிடும். இன்னும் மென்மையாகத் தள்ளத் தொடங்கினால் இருமுறை வகையிட வேண்டும். மென்மையின் ஒவ்வொரு படிக்கும் ஒரு வகையிடல் விலையாகிறது. உண்மையான கருவி எதுவும் ஒரே கணத்தில் வேகம் பெறுவதில்லை என்பதால், அது வேகம் பெற எடுத்துக்கொள்ளும் குறுகிய நேரத்துக்குள் நினைவுச் சார்பில் நிகழும் மாற்றங்கள் பதிவின் இரைச்சலில் மூழ்கிவிடுகின்றன. எவ்வளவு திறமையான கணிதமும் அவற்றை முழுமையாக மீட்டுத் தராது. ஆந்திரே டிகொனோவ் 1963-இல் முன்வைத்த முறைப்படுத்தல், அதாவது தரவோடு பொருந்தும் தீர்வுகளில் அளவுகடந்து நெளியாத ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வழி, வெடித்துப் பெருகும் பிழையைத் தடுக்கிறது. ஆனால் தொலைந்த தகவலை அது உண்டாக்கிவிடாது.

சீரான தண்டுக்குக் கிடைத்த எளிய வாய்பாடு மற்றப் பொருள்களுக்குக் கிடைப்பதில்லை. உருவம் சிக்கலாக இருக்கலாம், அடர்த்தி இடத்துக்கு இடம் மாறலாம், வெளிவிசைகள் உள்ளே செயல்படலாம். அப்போது சமன்பாட்டில் அறியப்படாத நினைவுச் சார்பும், அறியப்படாத உள் இடப்பெயர்ச்சியும் ஒன்றையொன்று பெருக்கி நிற்கின்றன. நேர்க்கணக்கு நேரியலாக இருந்தும் நேர்மாறுக் கணக்கு நேரியலன்றிப் போவது இதனால்தான். இந்த முடிச்சை அவிழ்க்கும் பொது முறைகளில் ஒன்றை இத்தாலியக் கணிதவியலாளர்கள் ஆல்ஃப்ரெடோ லொரென்சியும் யூஜெனியோ சினெஸ்ட்ராரியும் 1988-இல் நினைவுடைய பொருள்களைக் குறித்து எழுதிய கட்டுரையில் காட்டினர். வெப்பக் கடத்தலிலும் அலை இயக்கத்திலும் நினைவுச் சார்பைத் தேடும் பெரும் ஆய்வு வரிசை அதைத் தொடர்ந்து வளர்ந்தது.

அந்த முறையின் அடிப்படை காலத்தின் ஒருவழிப் போக்கு. முதலில் மிகக் குறுகிய ஒரு காலப்பகுதியை எடுத்து, நினைவுச் சார்புக்கு ஓர் ஊகம் வைத்து, அதைக் கொண்டு நேர்க்கணக்கைத் தீர்த்து, கிடைத்ததை அளவீட்டோடு ஒப்பிட்டு ஊகத்தைத் திருத்த வேண்டும். காலப்பகுதி போதிய அளவு குறுகியதாக இருந்தால் ஒவ்வொரு திருத்தத்திலும் பிழை சுருங்கி, ஊகங்கள் ஒரே ஒரு சார்பை நோக்கிக் குவிகின்றன. நேரியலல்லாத கணக்குகள் பலவற்றில் கதை இங்கேயே நின்றுவிடும். குறுகிய காலத்துக்குத் தீர்வு உண்டு, அதற்கு மேல் உறுதியில்லை. நினைவுக் கணக்கில் அப்படி நிற்பதில்லை. முதற்பகுதியின் நீளத்துக்குச் சமமான இரண்டாம் பகுதியில் ஏதேனும் ஒரு கணத்தை எடுத்து, அதுவரையிலான தொகையீட்டைப் பார்த்தால், ஒவ்வொரு பெருக்கலிலும் ஒரு காரணி நினைவுச் சார்பு, மற்றது இடப்பெயர்ச்சி. அவை இரண்டின் நேரங்களையும் கூட்டினால் அந்தக் கணம் வரும். ஒன்றின் நேரம் முதற்பகுதியைத் தாண்டிப் புதிய பகுதியில் இருந்தால், மற்றதன் நேரம் கட்டாயம் பழைய பகுதிக்குள் இருந்தாக வேண்டும். ஆகவே அறியாத ஒன்றும் அறியாத மற்றொன்றும் ஒரே பெருக்கலில் சந்திப்பதில்லை. ஒவ்வொரு பெருக்கலிலும் ஒரு காரணியாவது ஏற்கெனவே கண்டறியப்பட்டது. இரண்டாம் பகுதியில் கணக்கு நேரியலாகிவிடுகிறது, தீர்வு தடையின்றி நீள்கிறது, மூன்றாம் பகுதிக்கும் இதே வாதம் பொருந்துகிறது. கடந்த காலம் முழுவதையும் சுமக்க வேண்டியிருப்பதால் சமன்பாட்டைக் கடினமாக்கும் அதே அமைப்பு, நேர்மாறுக் கணக்கைத் தீர்க்கவும் துணையாகிறது என்பது இந்தத் துறையின் மிக நிறைவான உண்மைகளில் ஒன்று.

இந்த முறையில் வெளிப்படையாகச் சொல்லப்படாத ஓர் எடுகோள் உண்டு: அளவீடு தொடங்கும் முன் பொருள் நெடுநேரம் ஓய்வில் இருந்தது என்பதே அது. போல்ட்ஸ்மனின் தொகையீடு உண்மையில் முடிவற்ற கடந்த காலத்திலிருந்து தொடங்குகிறது. அச்சில் வார்த்தபோதும், அறுத்தபோதும், கருவியில் இறுக்கியபோதும் பொருள் அடைந்த திரிபுகள் எல்லாம் பதிவில் மெல்லத் தேயும் ஒரு பின்னணியாகக் கலந்திருக்கும். பெர்னார்ட் கோல்மனும் வால்டர் நோலும் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுத்த தேயும் நினைவுக் கோட்பாடு, தொலைவான கடந்த காலத்தின் விளைவு அடங்கிவிடும் என்பதற்குத் துல்லியமான பொருளைத் தருகிறது. ஆனால் எவ்வளவு நேரத்தில் அடங்கும் என்பது தேடப்படும் அந்த நினைவுச் சார்பையே பொறுத்தது. ஆய்வாளர்கள் மாதிரியைச் சூடாக்கி, மெதுவாகக் குளிரவிட்டு, அதன் பழைய நினைவைக் கூடியவரை அழித்த பிறகே அளக்கத் தொடங்குவதற்குக் காரணம் இதுவே.

நீண்டகால நினைவை அறிய நீண்டகாலம் அளந்தாக வேண்டும் என்பது அடுத்த இடர். பத்தாண்டு நிற்க வேண்டிய ஒரு பாகத்துக்குப் பத்தாண்டு சோதனை நடத்த இயலாது. பல பாலிமர்களில் வெப்பநிலையை உயர்த்துவது நினைவுச் சார்பின் வடிவத்தை மாற்றாமல் கால அளவை மட்டும் சுருக்குகிறது. எவ்வளவு சுருக்குகிறது என்பதற்கான வாய்பாட்டை வில்லியம்ஸ், லாண்டல், ஃபெர்ரி ஆகியோர் 1955-இல் வெளியிட்டனர். வெவ்வேறு வெப்பநிலைகளில் சில மணி நேரம் எடுத்த அளவீடுகளைக் கால அச்சில் நகர்த்தி ஒட்டி, ஆண்டுக்கணக்கில் நீளும் ஒரே வளைவை உருவாக்குவது இன்று வழக்கமான பணி.

நினைவுச் சார்பைக் கண்டறிவதும் அதன் உள்ளமைப்பை விளக்குவதும் வெவ்வேறு வேலைகள். நினைவு என்பது பல தேய்வுகளின் கூட்டு, ஒவ்வொரு தேய்வும் ஓர் அடுக்குக்குறிச் சார்பு, ஒவ்வொன்றுக்கும் தனித் தேய்வு வீதம் உண்டு என்ற கருத்து மேக்ஸ்வெல் 1867-இல் எழுதிய ஒற்றைத் தேய்வு மாதிரியிலிருந்து வளர்ந்தது. அந்த வீதங்கள் மூலக்கூறுகளின் அசைவைக் காட்டுவதாகக் கருதி அவற்றைப் பிரித்தெடுக்கும் ஆசை இயல்பானதே. கார்னீலியஸ் லான்சோஸ் 1956-இல் வெளியிட்ட நூலில் இந்த ஆசைக்கு ஓர் எல்லை கட்டினார். 1, 3, 5 என்ற வீதங்களில் தேயும் மூன்று சார்புகளை முறையே 0.0951, 0.8607, 1.5576 என்ற எடைகளோடு கூட்டி, 24 புள்ளிகளில் இரு தசம இடத் துல்லியத்தோடு எழுதிக்கொண்டு, அதே எண்களை 4.45, 1.58 என்ற வீதங்களும் 2.202, 0.305 என்ற எடைகளும் கொண்ட இரண்டே சார்புகளால் தர முடியும் என்று காட்டினார். நேரம் 0, 0.25, 0.5, 1 ஆகியவற்றில் இரண்டு கூட்டுகளும் 2.51, 0.93, 0.38, 0.09 என்றே வருகின்றன. ஒன்றில் மூன்று தேய்வுகள், மற்றதில் இரண்டு. ஒரு வீதம்கூடப் பொதுவாக இல்லை. நினைவுச் சார்பின் வளைவு நம்பத்தக்கதாகக் கிடைத்திருந்தும், அதன் பாகங்களைப் பற்றிய கூற்று நம்பத்தகாததாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. எத்தனை தசம இடங்கள் உண்மையில் அளக்கப்பட்டன என்று சொல்லாமல் தேய்வு வீதங்களின் பட்டியலை மட்டும் வெளியிடும் வழக்கம் கைவிடப்பட வேண்டியது.

நினைவு இடத்துக்கு இடம் மாறும்போது கணக்கு வேறொரு தளத்துக்குப் போகிறது. இப்போது தேடப்படுவது இடத்தையும் காலத்தையும் ஒருங்கே சார்ந்த சார்பு. ஒரு முனையில் எடுத்த ஒரு பதிவோ காலத்தை மட்டும் சார்ந்தது. மேலும், அலை போய்த் திரும்ப வேண்டியிருப்பதால், குறிப்பிட்ட நேரம் அளந்தவருக்கு அந்த நேரத்தில் அலை செல்லும் தொலைவில் பாதி ஆழம் வரையே செய்தி எட்டும். ஆகவே பல இடங்களிலிருந்து தூண்ட வேண்டும், அல்லது நினைவுச் சார்பின் வடிவத்தைப் பற்றி முன்கூட்டியே ஏதேனும் கொள்ள வேண்டும். உஸ்பெகிஸ்தானின் துர்திமுரோத் துர்தியேவும் ருஷ்யாவின் ஜான்னா தோத்தியேவாவும் அலைப் பரவலை விவரிக்கும் அதிபரவளைய வகைச் சமன்பாடுகளில் இத்தகைய நினைவுச் சார்புகளைக் கண்டறியும் கணக்குகளை நெடுங்காலம் ஆராய்ந்து நூலாகவும் தொகுத்துள்ளனர்.

மருத்துவத்தில் இதற்கு வேறொரு வழி திறந்தது: மேற்பரப்போடு நில்லாமல் உள்ளே நிகழும் அசைவையே படமெடுப்பது. ஆர். முத்துப்பிள்ளை முதலாசிரியராக இருந்த மேயோ கிளினிக் குழு 1995-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட முறையில், உடலின் மேல் மெல்லிய அதிர்வு கொடுக்கப்படுகிறது. அது திசுவுக்குள் அலையாகப் பரவுவதைக் காந்த ஒத்திசைவுக் கருவி புள்ளி புள்ளியாகப் பதிவு செய்கிறது. இடப்பெயர்ச்சி எங்கும் தெரிந்துவிடுவதால், அறியாத இரண்டு ஒன்றையொன்று பெருக்கும் இடர் நீங்கி, ஒவ்வோர் இடத்திலும் திசுவின் இயல்பைத் தனியே கணக்கிடலாம். ஆனால் படத்தை இருமுறை வகையிட வேண்டியிருப்பதால் இரைச்சலின் தொல்லை இங்கும் தொடர்கிறது. கல்லீரலுக்கு வழக்கமாக வினாடிக்கு 60 அதிர்வுகள் பயன்படுத்தப்படுகின்றன. நலமான கல்லீரலின் விறைப்பு 2,000 முதல் 2,500 பாஸ்கல் அளவில் இருக்க, நாரிழைப் பெருக்கம் முற்றி ஈரல் சுருங்கிய நிலையில் அது 5,000-ஐத் தாண்டக்கூடும். ஆயினும் ஒரே அதிர்வெண்ணில் அளப்பது ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு எண்களையே தருகிறது: திசு எவ்வளவு ஆற்றலைச் சேமிக்கிறது, எவ்வளவை இழக்கிறது என்பவை. நினைவுச் சார்பு முழுவதையும் பெறப் பல அதிர்வெண்களில் அளக்க வேண்டும். அதிர்வெண் குறைந்தால் அலைநீளம் உறுப்பின் அளவை நெருங்கிவிடுகிறது, கூடினால் அலை உள்ளே போகுமுன் தேய்ந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் குறுகிய பட்டையிலிருந்து திசுவின் நினைவை எந்த அளவுக்கு மீட்க முடியும் என்பதே இந்த முறையின் ஆய்வாளர்கள் முன் இன்று நிற்கும் கேள்வி.